பலாப்பழத் தூது

“அவசரப்பட்டுக் கேட்டுப்புடாத பிரகா. கைடு கோவிச்சுக்கிட்டாருன்னா ஒன் பட்டம் அம்புட்டுத்தான்!”

பைக்கை ஓட்டியபடியே கணவன் பாலாஜி சொன்னான். பின்னால் பிரகதீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் நடுவே சாக்கில் கட்டிய பலாப்பழம் அவள் வயிற்றில் குத்திக்கொண்டே வந்தது.

அன்னவாசலில் ஏறியதிலிருந்து இதே பேச்சுத்தான்.

“இந்த வாரத்துக்குள்ள ஆய்வேட்டைக் குடுத்துட்டு வாங்க, வேலை ஒங்களுக்குத்தான்னு கோயம்புத்தூர் காலேஜ்ல சொல்லிட்டாங்கங்க. இதை விட்டா எனக்கு வேற எப்ப?”

“அதுக்குத்தானே பழத்தோட போறோம்? நான் பேசுறேன். எப்பவும் ஒனக்காகக் கெஞ்சுறது யாரு, நான்தானே?”

அது உண்மைதான். கொல்லையில் எது விளைந்தாலும் முதலில் கைடு வீட்டில் இறக்கிவிட்டுத்தான் மறுவேலை. ஆய்வு மாணவர்கள் வீட்டு வழக்கம் அது. பிரகதீஸ்வரிக்கோ கூச்சம். தெருவிலேயே நின்றுகொள்வாள். பாலாஜிதான் பழத்தோடு உள்ளே போவான். “இன்னும் ஒரு அத்தியாயம் பாக்கியாம்” என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வருவான். காலேஜில் கேட்டாலும் கைடான பேராசிரியர் ரெங்கராஜ் அவள் முகத்தைப் பார்க்காமல், “பாப்போம்மா, என்ன அவசரம்?” என்பார். இரண்டு வருடமாக இதே கதை.

அவளுக்குப் பின்னால் சேர்ந்த சரண்யாகூடப் பட்டம் வாங்கிவிட்டாள். நேற்று போனில் ஒரு பிடி பிடித்தாள். “ஒன் புருஷனாடி ஆய்வு பண்ணாரு? நீ வாயைத் தொற. நேருக்கு நேராக் கேளு!”

திருக்கோகர்ணத்தில் கைடு வீட்டுச் சின்னத் தெருவில் பைக் நின்றது. பிரகதீஸ்வரி பழத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

“இன்னைக்கு நான் போறேங்க.”

“ஏய், நில்லு…”

பின்னால் தண்ணி லாரி ஹாரன் அடித்தது. அவன் பைக்கை ஓரங்கட்டுவதற்குள் அவள் கேட்டைத் தாண்டிவிட்டாள்.

அவளைக் கண்டதும் பேராசிரியர் பதறி எழுந்தார்.

“நீ ஏம்மா இதைத் தூக்கிட்டு வந்த? கீழ வை, கீழ வை. மொதல்ல உக்காரு.”

அவள் உட்காரவில்லை. “என் ஆய்வேட்டுல என்ன கொறை சார்? இன்னைக்குச் சொல்லிருங்க.”

“கொறையா? அது எப்பவோ முடிஞ்சிருச்சேம்மா! கையெழுத்துப் போட்டு பீரோவுல வச்சிருக்கேன்.”

“பின்ன ஏன் சார் என்னை இப்படி அலைய விட்டீங்க?”

பேராசிரியர் தயங்கினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஒடம்பு இப்பத் தேவலையாம்மா? வேலைக்குப் போகலாம்னுட்டாங்களா ஆஸ்பத்திரியில?”

“எந்த ஆஸ்பத்திரி சார்? எனக்கு என்ன? நல்லாத்தானே இருக்கேன்!”

அவர் முகம் வெளுத்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

“அவளுக்கு நெஞ்சுல கோளாறு, பட்டம் வந்தா வேலை வேலைன்னு வெளியூருக்கு ஓடிருவா, உசுரு தாங்காது, எப்படியாச்சும் இழுத்து நிறுத்துங்க சார்னு… அவகிட்ட நோவைப் பத்திக் கேட்டுறாதீங்க, ஒடிஞ்சு போயிருவான்னு… ஒவ்வொரு பழத்தோடயும் ஒன் வீட்டுக்காரரு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரேம்மா…”

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கும்பிட்ட கையும் சிரித்த முகமுமாகப் பாலாஜி நின்றிருந்தான்.

“என்ன சார், இன்னும் ஒரு அத்தியாயம் பாக்கியிருக்குல்ல?”