ராஜ நண்டு மாப்பிள்ளை

"அப்பா, தல வலிக்குது. எழும்புங்க, போயிருவோம்" என்று ஜெரோமி காதோரம் கிசுகிசுத்தான்.

"வெக்கமா? கம்முனு இருடா" என்று அதட்டினார் றோலண்ட்.

கொட்டகலைக் குளிரில் ஊரே ஸ்வெட்டருக்குள் ஒடுங்கிக் கிடக்க, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது. குசினியிலிருந்து பெண்ணின் சிரிப்புச் சத்தம் கேட்டதிலிருந்தே இப்படித்தான்.

எத்தனையோ வீட்டுப் பலகாரம் தின்றாகிவிட்டது, ஒரு சம்பந்தமும் கூடிவரவில்லை. இதையாவது இன்றைக்கே பேசி முடித்துவிடக் கங்கணம் கட்டிக்கொண்டு நோர்வூட்டிலிருந்து வந்திருந்தார் றோலண்ட். போனில் ஒரு படத்தைத் திறந்து, பெண்ணின் அப்பா அன்டனின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது என்னான்னு தெரியுதுங்களா?"

"நண்டுங்க."

"வெறும் நண்டா!" றோலண்ட் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். "ராஜ நண்டுங்க! வெளிச்சமே படாத ஆழ்கடல்ல கெடக்கிறது. ஒடம்பெல்லாம் முள்ளு. இப்பிடி ஒரு இனம் இருக்கிறதே ஒலகத்துக்குத் தெரியாது. ஆராய்ச்சிக் கப்பல்ல போயி கண்டுபுடிச்சது யாரு? என் மகன்!"

"அப்படிங்களா! எங்க மகளும் கொழும்புல..."

"கொழும்புல யாருங்க வேல செய்யல? அத விடுங்க. கையொறையக் கிழிச்சிக்கிட்டு கட்ட வெரல எப்பிடிக் கவ்வியிருக்கு பாருங்க! அப்பவும் விட்டானா நம்ம பய? அப்புறம் தையல் போட்டாங்க!"

"படத்துல மொகத்தக் காணலையேங்க?"

"பெரும பேசத் தெரியாத புள்ளைங்க. அதான் நான் பேசுறேன்."

அதில் அவர் குறையே வைக்கவில்லை.

"ஐயோ பாவம். தம்பி, வெரலக் காட்டுங்க பாப்போம்" என்றார் அன்டன்.

ஜெரோமி இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டான். விஞ்ஞானிகளுக்கே உரிய அடக்கம் என்று றோலண்ட் பூரித்துப்போனார். இந்தச் சம்பந்தம் கைக்குள் வந்துவிட்டது என்றே அவருக்குத் தோன்றியது.

பெற்றீசியா தேநீர்த் தட்டோடு வந்தாள். ஜெரோமியைக் கண்டதும் ஒரு கணம் நின்றாள். பிறகு சிரித்துக்கொண்டே கோப்பையை அவனிடம் நீட்டினாள். அவள் கட்டை விரலில் தையல் போட்ட தழும்பு பளிச்சென்று தெரிந்தது.

"எடுத்துக்குங்க ஜெரோமி" என்றாள். "கப்பல்ல எங்க ஆராய்ச்சிக் குழுவுக்கு நீங்க போட்டுத் தந்த தேத்தண்ணி அளவுக்கு வராது, கோவிச்சுக்காதீங்க."