நாலு மணி நாடகம்

குழாயைத் திறந்துவிட்டு, வாளியில் தண்ணீர் விழும் சத்தத்துக்குள் தன் குரலை ஒளித்துக்கொண்டு அவள் போனில் கிசுகிசுத்தாள். "அவர் தூங்கப் போயிட்டாரு. சீக்கிரம் சொல்லு, நான் என்ன பண்ணணும்?"

"முதல்ல பாத்ரூமை விட்டு வெளிய வா. அத்தனை சுவரைத் தாண்டி எப்படிக்கா வைஃபை சிக்னல் வரும்?"

தம்பிக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அந்த ஒரே பாவத்துக்காக, சொந்தத்தில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அக்கா இப்படி அழாத குறையாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

போன் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாடகப் பள்ளியின் வெப்சைட் பாதி வந்து நின்றுவிட்டது. மேலே திரைச்சீலையின் சிவப்பு ஓரம் தெரிந்தது, கீழே எல்லாம் வெள்ளை.

'நாலு மணிக்கு நேரடியா காட்டுவாங்கம்மா. ஒரே தடவைதான். நான் ரெண்டாவது காட்சில வருவேன்' என்று மகள் சிட்டு செய்தி அனுப்பியிருந்தாள். பல் மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நாடகம் படிக்கப் போன மகள். அவள் பெட்டியோடு படியிறங்கிய அன்று, பல் டாக்டரான அப்பா சொன்னது ஒரே வாக்கியம்: "கூத்தடிக்கப் போறவ பேச்சே இனிமே இந்த வீட்டுல கேக்கக் கூடாது."

அன்றிலிருந்து கேட்கவில்லை. மகள் நடித்து அம்மா ஒரு தடவைகூடப் பார்த்ததும் இல்லை.

காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, பூனை மாதிரி ஹாலுக்கு வந்தாள். வைஃபை பெட்டி அலமாரி மேல் இருந்தது. அதற்கு நேர் எதிரே அவர் படுத்திருக்கும் அறை. அவருடைய போன் ஹாலிலேயே சார்ஜில் கிடந்தது.

"போன் டேட்டால பாக்க முடியாதா?"

"அது காலையிலேயே தீர்ந்துபோச்சுடா."

"சரி, பெட்டியை அணைச்சு, கொஞ்சம் விட்டுப் போடு."

அணைத்தாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. படுத்தால் இடி விழுந்தாலும் அசையாத மனுஷன், இன்றைக்கென்று புரள்கிறாரே! மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவு திறக்கவில்லை. பெட்டியை மறுபடி போட்டாள். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. வட்டம் மட்டும் பழையபடி சுற்றியது.

"இங்க எனக்கு நல்லா ஓடுதுக்கா. அவங்க பக்கம் கோளாறு இல்ல, உங்க வீட்டுலதான். முதல் காட்சி முடியப் போகுது. வேணும்னா நான் பாத்துப் பாத்துச் சொல்றேன்..."

"உன் கமெண்ட்ரி யாருக்குடா வேணும்? என் பொண்ணை நான் பாக்கணும்!" மூக்கை உறிஞ்சினாள். "அவ வந்துட்டுப் போயிட்டா அப்புறம் என்ன இருக்கு எனக்கு?"

"அழாதக்கா. அத்தான்கிட்டயே நேரா சொல்லிட்டுப் பாத்தா என்ன?"

"அவர்கிட்டயா!"

"அதுவும் சரிதான். ஊர்ல எல்லார் வாயையும் திறக்க வச்சுப் பொழைக்கிறவரு, வீட்டுல எல்லார் வாயையும் மூடிட்டாரு."

அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பெட்டிக்கு அடியில ஒரு நம்பர் ஒட்டியிருக்கும் பாரு. அதை அப்படியே வெப்சைட் மாதிரி அடி. உங்க லைன்ல யார் யார் இருக்காங்கன்னு காட்டும்."

அடித்தாள். "மூணு காட்டுது. என் போன், அவர் போன், அப்புறம் எழுத்தும் நம்பருமா என்னவோ ஒண்ணு."

"அதான்! அந்த மூணாவது ஆள் ஏதோ வீடியோ பாக்குறான். உங்களோடது சின்ன லைன், ஒருத்தன் இழுத்தா இன்னொருத்தருக்கு மிச்சம் இருக்காது. யாருக்காவது பாஸ்வேர்ட் குடுத்தியா?"

சுருக்கென்றது. பக்கத்து வீட்டு வக்கீல்! போன மாதம் தன் இணைப்பு வேலை செய்யவில்லை என்று வாசலில் வந்து நின்றவருக்கு, பாவம் பார்த்துச் சொல்லித் தொலைத்தது அவள்தான்.

"நல்லா இருக்கு நியாயம். அவர் உன் நெட்ல சினிமா பாக்குறாரு, நீ ஹால்ல நின்னு அழற. உடனே பாஸ்வேர்டை மாத்து. எல்லாரும் வெளிய விழுந்துடுவாங்க. புதுசைப் போட்டு நீ மட்டும் உள்ள வா."

அவன் சொல்லச் சொல்ல மாற்றினாள். வெப்சைட்டை மறுபடி திறந்தாள்.

வட்டம் ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றவில்லை. மேடை பளிச்சென்று விரிந்தது. விளக்கு மங்கி, இரண்டாவது காட்சி தொடங்கிக்கொண்டிருந்தது.

"வந்துடுச்சுடா!"

"வச்சிடுறேன். நீ பாரு."

மேடையின் ஓரத்திலிருந்து ஒரு பெண் நடந்து வந்தாள். முகம் தெரியுமுன்பே, நடையிலேயே பெற்றவளுக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது படீரென்று அறைக் கதவு திறந்தது.

திடுக்கிட்டுப் போனை முதுகுக்குப் பின்னால் இழுத்தாள். இயர்போன் வயர் போனிலிருந்து கழன்று விழ, மகளின் குரல் கணீரென்று ஹால் முழுக்கக் கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு. "என்னங்க... நான் வந்து..."

பல் டாக்டர் முகம் சிவக்க அவள் முன்னால் வந்து நின்றார். அவர் கையில் கிளினிக் லேப்டாப் திறந்தபடி இருந்தது.

"ஏன்டி, சிட்டு மேடைக்கு வர்ற நேரம் பாத்தா பாஸ்வேர்டை மாத்துவ?"