எரிச்சல் இல்லை

"எரியுதா நைனா?"

சடகோபனின் முதுகில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை உரித்தபடி ஆய்வாளர் நளினி கேட்டாள். மருந்தில்லாத வெறும் பிளாஸ்டர். தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று திருப்பதி ஆய்வுக்கூடத்தில் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லம்மா."

"தோலு சிவக்கல. ஆனா எரிச்சல் உங்களுக்குத்தானே தெரியும்? மறைச்சீங்கன்னா நோயாளிங்கதான் கஷ்டப்படுவாங்க."

"காணிப்பாக்கம் பிள்ளையார் மேல சத்தியம்."

நளினி அதற்குமேல் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையார் மேல் பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட்டதில்லை என்பது சித்தூர்ப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும்.

சில மாதங்களில் அதே பிளாஸ்டரில் வலி மருந்தைச் சேர்த்து, சித்தூரில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தொண்டைப் புற்றால் மாத்திரை விழுங்க முடியாமல், பேச்சும் போய்க் கிடந்த அலர்மேல்மங்கைக்கும் ஒட்டினார்கள். வெகுநாளைக்குப் பிறகு அவள் கண்ணயர்ந்தாள். தூக்கத்திலேயே முதுகைப் படுக்கையில் தேய்த்தாள். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"தேச்சிக்கினே இருக்காங்களே. எரிச்சல்னா எடுத்துடணும்," என்ற நர்ஸ், தலைமாட்டில் இருந்த புருஷனைப் பார்த்தாள். "உங்ககிட்ட ஏதாவது சைகை காட்டினாங்களா?"

சடகோபனுக்கு அந்த எரிச்சல் தெரியும். இவளுக்கு இந்த மருந்து சீக்கிரம் கிடைக்கட்டும் என்றுதான் அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தியம் செய்தார். இப்போது எடுத்தால் வலி திரும்பிவிடும்.

"இல்லம்மா," என்றார்.