ஒரே ஆப், ஏழு பெயர்

மனித குலத்தின் மூக்குகளிலேயே ஆகச் சிறந்தது வடிகட்டியின் மூக்குதான். கம்பெனியின் ஆப் கடையில் சேர்க்கச் சொல்லி வருகிற ஆப்களில் எது குப்பை என்பதை அவர் திறந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிடுவார். அலுவலகம் அவருக்கு அந்தப் பெயரை வைத்ததே அதனால்தான்.

பக்கத்து சீட்டு அக்காவோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் கடைசிவரை பார்ப்பார், கேட்பார்.

"என்னக்கா, இடைவேளை விட்டாச்சா? பாப்கார்ன் வாங்கிட்டு வரவா?"

"உனக்குக் காது எதுக்குடா, கண்ணாடி மாட்டவா?"

அன்று வடிகட்டி ஏக உற்சாகத்தில் இருந்தார். "இதைக் கேளுக்கா. போன வாரம் ஒரே ஆளு ஏழு ஆப் அனுப்பினாங்க. அதே நீலம், அதே ஒத்தைப் பட்டன், பேர் மட்டும் வேற. ஸ்பேம்னு ஏழையும் தூக்கிப் போட்டேன். இப்ப மறுபடியும் வந்திருக்கு. எத்தனைங்கிற? ஆறு! ஒரு தடவை தட்டினா ஒண்ணு குறையுது பார்."

அந்த ஆளே போன் செய்தார். பெண் குரல்.

"எல்லாம் ஒண்ணுதானேம்மா? ஒரே ஆப்பாப் போட்டு, உள்ள பேர் லிஸ்ட் வைங்க. ரூல் அதான்."

"முதல்ல அப்படித்தான் சார் செஞ்சேன். நான் குழந்தைங்க கேன்சர் வார்டுல நர்ஸ். கண்ணாடி ரூமுக்குள்ள அம்மாங்களை விட மாட்டோம், கிருமி பயம். ஒவ்வொரு பேரும் ஒரு குழந்தையோடது. பட்டனை அழுத்தினா அவங்கவங்க அம்மா குரல்ல கதை வரும்."

"அதுக்கு லிஸ்ட்டே போதுமே?"

"லிஸ்ட்லேர்ந்து ஒரு பேரை எடுத்துட்டா, மிச்சம் எத்தனைன்னு மத்த பசங்க எண்ணிடறாங்க சார்."

வடிகட்டி கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணி நேரம் குடுங்கம்மா, நானே கூப்பிடறேன்" என்று வைத்தார்.

அக்காவிடம் கையை நீட்டினார். அவர் ஹெட்போனைக் கழற்றித் தந்தார்.

முதல் ஆப்பில் ஓர் அம்மா யானைக் கதை சொன்னாள். நடுவில் நிறுத்தி, "தூங்கிட்டியாடி?" என்று கேட்டு, கொஞ்சம் காத்திருந்து, தொடர்ந்தாள். இன்னொருத்திக்குக் கதையே சொல்லத் தெரியவில்லை. வீட்டு நாய் செருப்பைக் கடித்ததை மூன்று தடவை சொன்னாள். வடிகட்டி எதையும் ஓட்டிவிடவில்லை. ஆறையும் கடைசிவரை கேட்டார். ஆறுக்கும் அனுமதி கொடுத்தார்.

பிறகு நர்ஸைக் கூப்பிட்டார். நெடுநேரம் மணி அடித்த பிறகே அவர் எடுத்தார்.

"ஆறையும் விட்டுட்டேன்மா. இப்பவே பசங்க போன்ல ஏத்திடலாம்."

"அஞ்சு போதும் சார்."