நிழலுக்குத் தூண்டில்

அது மலைமேல் நாங்கள் பார்த்த நான்காவது ஏரி. இலையுதிர்காலக் குளிரில் தண்ணீர் அடிவரை தெளிந்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் பயணம். மீன் கிடைத்துவிடும் என்று நம்பி தணிகைவேல் பருப்புகூட எடுத்துவரவில்லை. நான்கு நாளில் ரொட்டியெல்லாம் தீர்ந்து, பையில் ஒரு பிடி அரிசியும் எண்ணெயும் மீன் மசாலாவும்தான் மிச்சம். இப்போதும் ஏரியின் அடியில் தெரிந்த கரிய உருவத்தைக் குறிவைத்தே தூண்டிலை வீசிக்கொண்டிருந்தார். அப்படித் தெரிவது மீன் இல்லை என்று முதல் ஏரியிலேயே எனக்குத் தெரியும். இயற்பியல் படித்ததைக் காட்டிக்கொள்வதாக நினைத்துவிடுவாரோ என்று சொல்லாமலே இருந்தேன். இன்று பசி பேசவைத்தது.

"ஏங்க, அது நிழலுங்க. மீன் வெயில் பக்கமா ரெண்டடி தள்ளி மேல நிக்குது."

அவர் குனிந்து பார்த்தார். தண்ணீரின் நிறத்திலேயே ஒரு மீன் வாலை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி! நாலு நாளா வேடிக்கையா பார்த்துக்கிட்டிருந்த?"

"நீங்க கேக்கலையே."

சிரித்துக்கொண்டே தூண்டிலை என் கையில் திணித்தார்.

"ஐயோ, நான் மீனே பிடிச்சதில்லைங்க."

"நான் மட்டும்?" என்று பாறைக்குப் பின்னால் போனார்.

அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எண்ணெய் காயும் வாசனை வந்தது. மீன் இன்னும் தண்ணீரில்தான் இருந்தது.