நூல் பிடித்த நாற்று

வலது முட்டி மடங்க மாட்டேன் என்றது. இடது முட்டி மடங்கிவிட்டால் நிமிர மாட்டேன் என்றது.

நாற்பது வருஷம் சாரத்தில் ஏறி இறங்கிய கால்கள். கொத்தனார் இரண்டையும் திட்டிக்கொண்டே பூப்பாத்தியில் உட்கார்ந்து களை பிடுங்கினார்.

வசந்தம் முடிந்து வெயில் உறைக்கத் தொடங்கியிருந்தது. மதியம் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். பத்தொன்பது நாள். வயிற்றைக் கிழித்துத் தைத்து, இதோ அதோ என்று இழுத்துப் பறித்து, பிழைத்து வருகிறாள்.

போகிற அன்றுகூட, அந்த வலியிலும், ஒரு பிடி செண்டுப்பூ விதையைப் பாத்தியில் தூவிவிட்டுத்தான் வண்டி ஏறினாள். அங்கே படுத்துக்கொண்டு தினமும் போனில் ஒரே கேள்வி.

"முளைச்சிருச்சா?"

கலவை மிஷின் பக்கத்திலேயே கிழடு தட்டிய காது அவருக்கு. "முளைச்சிருச்சு, முளைச்சிருச்சு!" என்று தெருவே அதிரக் கத்துவார். பாத்தியில் பச்சையாக ஏதோ தெரிந்தது. அது போதாதா?

இன்று அந்தப் பச்சைதான் அவர் கண்ணை உறுத்தியது. செத்துப் பிழைத்து வருகிறவள் புல் மண்டிய பாத்தியையா பார்ப்பது?

அரை மணி நேரத்தில் பாத்தி, பூசி முடித்த தரை மாதிரி ஆகிவிட்டது. திருப்தியாக முகத்தைத் துடைத்தார்.

கையில் செண்டுப்பூ வாசம் அடித்தது.

சுற்றிலும் பார்த்தார். ஒரு பூ இல்லை. விரலை மோந்தார். பிறகு பிடுங்கிப் போட்ட குவியலைப் பார்த்தார். புல்லோடு புல்லாக, இரண்டு விரற்கடை உயரத்தில், ரம்பப் பல் இலையோடு குட்டைக் குட்டைச் செடிகள். சிமெண்டுத் தரையின் சூட்டில் அதற்குள் வாடிச் சுருண்டிருந்தன.

"அடப்பாவி" என்றார், தன்னைத்தான்.

நாலைந்தை எடுத்து மண்ணில் ஊன்றிப் பார்த்தார். அவை படுத்துக்கொண்டன. ஆபரேஷன் அறை வாசலில் ஆறு மணி நேரம் நின்றபோது வராத அழுகை இப்போது வந்து தொலைத்தது.

"என்னண்ணே, புல்லுக்கா அழறீங்க?"

கேட்டுக்கு வெளியே தையற்காரம்மா நின்றிருந்தாள், கையில் நூல்கண்டுப் பையோடு. அடுத்த வீடுதான். நாலு வருஷம் முன்பு சாக்கடைத் தண்ணீரில் தொடங்கிய சண்டை. வாய் முற்றி, அவள் முகத்தில் முழிக்கக் கூடாதென்று நடுச்சுவரின் மேல் ஒரே நாளில் ஐந்து வரிசைச் செங்கல் ஏற்றியவர் இவர். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

அவள் குவியலைப் பார்த்தாள். மொட்டைப் பாத்தியைப் பார்த்தாள். போய்விட்டாள்.

ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தார்.

கால் மணி நேரத்தில் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ஈரமான வெட்டுத்துணியில் சுற்றி, வேரில் மண் உதிராமல், செண்டு நாற்று.

"அக்கா வர்றதுக்குள்ள நட்டுருங்க. முளைச்சிருச்சுன்னு நீங்க கத்துன கத்துல என் தையல் மிஷினே நின்னுபோச்சு. இப்ப போய் அதப் பொய்யாக்காதீங்க."

"தங்கச்சி..." என்று ஆரம்பித்தார். மேலே வார்த்தை வருவதற்குள் கேட் சாத்தப்பட்டுவிட்டது.

பிரித்து எண்ணினார். முப்பத்திரண்டு. இவர் பிடுங்கிப் போட்டதைப்போல இரண்டு பங்கு உயரம் ஒவ்வொன்றும். மெல்லிசாக, கழுத்து நீண்டு நின்றன. அவள் கைராசியை மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

முட்டி வலி மறந்துபோனது. இரண்டு முனையிலும் ஆணி அடித்து, நூல் கட்டி, சாந்துக் கரண்டியால் குழி பறித்து நட்டார். கடைசி நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றும்போது வண்டி வந்து நின்றது.

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். பாதியாகியிருந்தாள். வீட்டைப் பார்க்கவில்லை, பாத்தியைத்தான் பார்த்தாள்.

"ஏன் மேஸ்திரி, நான் தூவித்தானே விட்டேன்? இதுங்க நூல் பிடிச்சு முளைச்சிருக்கே!"

அவரால் தாங்க முடியவில்லை. பிடுங்கியது, அழுதது, துணியில் சுற்றி வந்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

"ஐயோ, சிரிக்க வைக்காதய்யா. தையல் பிரிஞ்சிரும்."

சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தச் சிரிப்பை இனிமேல் கேட்கவே போவதில்லை என்று பத்தொன்பது ராத்திரி நினைத்திருந்தார். குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார். யாருக்கென்று தெரியாமல் நெஞ்சுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

"உசரத்தப் பாத்தியா? அந்தம்மா கைராசி அப்படி" என்றார்.

மனைவி நாற்றுகளைக் கூர்ந்து பார்த்தாள். சிரிப்பு அடங்கியது.

"ராசியும் இல்ல, ஒண்ணும் இல்லய்யா. வெயில் படாத எடத்துல மொளச்சா வெளிச்சத்தத் தேடித் தேடி இப்படித்தான் நெட்டையாப் போகும்."

சொல்லிவிட்டு, படியில் ஒவ்வொரு காலாக வைத்து உள்ளே போனாள்.

கொத்தனார் நடுச்சுவரைப் பார்த்தார். பொழுது உதிப்பது இவர் வீட்டுப் பக்கம். அடுத்த வீட்டு முற்றத்துக்கு அது அந்தச் சுவர் தாண்டித்தான் போக வேண்டும்.

ஐந்து வரிசை. நாளைப் பொழுதுக்குள் இறக்கிவிடலாம். முட்டி என்ன சொன்னாலும் இறக்கிவிடலாம். முப்பத்திரண்டு நாற்றை இந்தப் பூவின் விதையிலேயே முளைக்க வைத்துத் திருப்பிவிடலாம்.

நாலு வருஷத்துக் காலை வெயில்தான் பாக்கி.