பச்சைப் பட்டை

சென்னியப்பனின் மூத்திரத்தில் ரத்தம் வந்து பத்து நாளாகிறது. அவன் மனைவி கனகமணியால் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார முடியவில்லை. எழுந்தாள், நடந்தாள், திரும்பி வந்தாள்.

உடம்பில் சேர்வதையெல்லாம் பதிந்து, நஞ்சு கண்டால் பச்சையிலிருந்து சிவப்பாகும் அவனுடைய மணிக்கட்டுப் பட்டையை நர்ஸ் படித்துப் பார்த்தாள். "ஆறு வருசமா கீரை, கம்பங்கூழு, வீட்டுக் காத்து. பச்சையாத்தான் இருக்குது. சிவப்புக்கு மட்டுந்தான் ஸ்கேனுங்க."

மாதக் கடைசியில் பட்டை சிவந்திருந்தால் சாயப்பட்டறையில் வேலை கிடையாது. அதனால் தினமும் வேலைக்குக் கிளம்பும்போது அதைக் கழற்றி மனைவி கையில் மாட்டிவிட்டுத்தான் போவான்.

"பேசாம வா புள்ள, வேலை போயிரும்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

கனகமணி உதறினாள். "சிஸ்டர், அந்தக் கீரையெல்லாம் நான் தின்னதுங்க. இவரு ஆறு வருசமாச் சாயத் தொட்டிக்குள்ள நிக்கறாருங்க."